அண்ணியின் கங்கோங் தொட்டி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போது பேச்சு சர்க்கரையில் தொடங்கி முழங்காலில் முடிகிறது. அதை ஓர் அரைமணி நேரம் தள்ளி வையுங்கள். நான் ஒரு மீன் குளத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

போன வாரம் சுங்கைப் பட்டாணியில் வெயிலுக்கு ஒரு கடைக்குள் ஒதுங்கினேன். அது மீன் வளர்ப்புச் சாமான் விற்கும் கடை. கடைக்காரர் சும்மா விடுவாரா? ஒரு பிளாஸ்டிக் பெட்டியைத் தூக்கி என் முன்னால் வைத்தார். மேலே செடி, உள்ளே கல், கீழே மோட்டார். தண்ணீர் மேலே ஏறி, செடியின் வேருக்குள் புகுந்து, சுத்தமாகிக் கீழே இறங்குமாம். "புதுசா வந்திருக்குலா, ஆன்டி" என்றார். புதுசாம்! பத்து வயதில் அந்த மோட்டார் பார்க்கிற வேலையை நானே பார்த்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் பின்பாதி. கெடாவில், செமிலிங்கிலிருந்து உள்ளே நாலு மைல் போனால் எங்கள் ரப்பர் தோட்டம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு எங்களுடையது. கடைசி வீட்டுக்காரர்களுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் கிடைக்கும். மற்றவர்கள் அதில் மரவள்ளி போட்டார்கள். அப்பா குளம் வெட்டினார். குளம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், எனக்கு இடுப்பளவு ஆழம். உள்ளே சிமெண்டு, விளிம்பைச் சுற்றி ஆற்றுக்கல்.

அப்பா தோட்டத்து லாரி ஓட்டுநர். ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு போன ஒருநாள், ஏழு சிவப்புக் கெண்டைக் குஞ்சுகளைப் பிளாஸ்டிக் பையில் வாங்கி வந்தார். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்தால் குளத்தோரம்தான். கைலியை முழங்காலுக்கு மேல் சுருட்டி, இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டு, அலுமினிய டப்பாவைத் திறந்து புகையிலை சுருட்டுவார். மீன்கள் வந்து அவருடைய கால் விரல்களைக் கொத்தும். எனக்கு அந்த வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது. புகையிலை, ஈரச் சிமெண்டு, லாரி எண்ணெய், மூன்றும் கலந்த வாசனை.

அந்தப் புகையிலை டப்பா ஒருநாள் காணாமல் போனது. வீட்டையே புரட்டிப் போட்டார்கள். அம்மாவுக்கு அவர் புகை பிடிப்பது பிடிக்காது என்பது லயம் முழுக்கத் தெரியும். "நீதான் எடுத்து ஒளிச்சு வெச்சிருக்க" என்றார் அப்பா. "சத்தியமா நான் எடுக்கல" என்றார் அம்மா. அப்பா நம்பவில்லை. இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளாமல் ஒரு மாதம் போயிற்று. அதற்குள் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு அம்மா அந்தக் குளத்தை யாரையும் தொடவிடவில்லை. சாமி விளக்கையும் அப்பாவின் மீனையும் அவர் மட்டும்தான் பார்ப்பார். காலையில் பால்மரம் வெட்டப் போகுமுன் ஒரு பிடி சோறு, சாயங்காலம் ஒரு பிடி. பாசம் அதிகமானால் சோறும் அதிகமாகும். மீன் தின்றது போக மீதி அடியில் அழுகியது. அப்பா இருந்தவரை வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவார். அவர் போன பிறகு லயத்துக் குழாயில் தண்ணீர் வருவதே பெரும்பாடாகிவிட்டது. இரண்டு வருடத்தில் குளம் பச்சை பிடித்து, கஞ்சி மாதிரி ஆகி, நாற்றம் எடுத்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

அந்தச் சமயத்தில்தான் அண்ணி வந்தார்.

அண்ணன் தோட்டத்துப் புகைக்கூடத்தில் வேலை செய்தவர். அண்ணிக்கு ஊர் அலோர் ஸ்டார் பக்கம், மெர்கோங். வேதக்காரக் குடும்பம். இருவரும் எப்படிச் சந்தித்தார்கள் என்பது வேறு கதை. அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியும் கழுத்தில் சின்னச் சிலுவையுமாக ஒருநாள் வந்து இறங்கினார். அம்மா கதவை அடைக்கவில்லை. ஆனால் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. எல்லாம் என் வழியாகத்தான். "ஒங்க அண்ணிகிட்ட சொல்லு, சோறு இருக்கு." "ஒங்க அண்ணிகிட்ட சொல்லு, கொடியில துணி நனையுது." அண்ணி இரண்டடி தள்ளித்தான் நிற்பார். அம்மா சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் நான் மறுபடி சொல்லும்வரை மரியாதையாகக் காத்திருப்பார்.

எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. நான் வாய் ஓயாத பெண். அண்ணன் எனக்கு வைத்த பெயர் 'ரேடியோ'. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஒருநாள் தோட்டத்து டிரெஸ்ஸர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மருந்தகத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். சுகாதாரமும் அவர் பொறுப்பு. குளத்தை ஒரு குச்சியால் கிண்டிப் பார்த்தார்.

"இந்தத் தண்ணியில கொசு முட்டையிடாம என்ன செய்யும்? மூடிடுங்கலா."

"அவரு வெட்டுன கொளங்க" என்றார் அம்மா.

"தெரியும்மா. நல்ல மனுஷன். அதுக்காக லயத்துல எல்லாருக்கும் காய்ச்சல் வரணுமா? கம்பெனியிலேர்ந்து பெரிய துரை பார்வையிட வர்றாரு. ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள தண்ணி தெளிஞ்சிருக்கணும். இல்லேன்னா நானே ஆள் அனுப்பி மண்ணப் போட்டு மூடுவேன்."

அவர் போனதும் அம்மா குளத்தோரம் உட்கார்ந்தார். அழவில்லை. அப்பாவுக்குக் காய்ச்சலில் கை கால் அமுக்கிவிட்டது போலவே விளிம்புக் கல்லைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த ஏழு மீனும் போய்விட்டால் அம்மாவிடம் அப்பாவைப் பற்றி மிச்சம் இருப்பது ஒரு போட்டோவும் அந்தச் சண்டையும்தான். பத்து வயதில் இதை இப்படிச் சொல்லத் தெரியாது. ஆனால் புரிந்திருந்தது.

மறுநாள் அண்ணி என்னிடம் வந்தார். "அத்தைகிட்ட கேளு. நான் ஒரு வழி செஞ்சு பாக்கட்டுமா?"

வழி என்னவென்றால், செடி. மெர்கோங்கில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு லோங்காங் ஓடியதாம். எங்கள் பக்கத்தில் வடிகாலை அப்படித்தான் சொல்வோம். பத்து வீட்டு அழுக்குத் தண்ணீர் அதில் வரும். நடுவில் கங்கோங் கீரையும் சேம்பும் அடர்ந்து கிடக்குமாம். அந்தப் பக்கம் வெளியே வரும்போது தண்ணீரில் அடிமணல் தெரியுமாம்.

"மீனு கழிக்கறதுதான் செடிக்குச் சாப்பாடு" என்றார் அண்ணி. "செடி அதத் தின்னுட்டா தண்ணிக்கு என்ன கேடு? கொளத்துத் தண்ணிய வேருக்குள்ள நடக்க விடணும், அவ்வளவுதான்."

நான் போய் ஒப்பித்தேன். அம்மா நான் எதிர்பார்த்ததையே சொன்னார். "லோங்காங் செடியக் கொண்டாந்து அவரு கொளத்துல போடணுமா? ஒங்க அண்ணிகிட்ட சொல்லு, அதெல்லாம் வேணாம்னு."

அண்ணன் ஒருநாளும் அம்மாவை எதிர்த்துப் பேசியதில்லை. அன்று தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "மண்ணப் போட்டு மூடுறதுக்கு இது மேலு இல்லையாம்மா?" என்றார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அதைச் சம்மதம் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம்.

முதலில் தண்ணீர் ஊற்ற ஓர் இரும்பு டிரம் வேண்டும். அண்ணன் எங்கிருந்தோ உருட்டி வந்தார். அண்ணி மூடியைத் திறந்து முகர்ந்தார். "இதுல லாலாங் மருந்து இருந்திருக்கு. வேணாம்." லாலாங் புல்லைக் கொல்லும் மருந்து அது. "நல்லாக் கழுவிட்டேன்லா" என்றார் அண்ணன். அண்ணி கேட்கவில்லை. "நம்ம மூக்குக்கே தெரியுது. மீனு மூச்சு விடறதே தண்ணியிலதான்." அண்ணன் முனகிக்கொண்டே அதைத் திருப்பி உருட்டிப்போனார். அடுத்து வந்தது கிச்சாப் டிரம். கிச்சாப் தெரியுமல்லவா, நாம் மீ நூடுல்ஸில் ஊற்றிக்கொள்வோமே, அந்தக் கறுப்புச் சாறு. ஒரு வாரம் கழுவியும் வாசனை போகவில்லை. கழுவிய தண்ணீரை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தவள் நான்தான். உப்பாக இருந்தது. அண்ணி இன்னும் மூன்று நாள் கழுவ வைத்தார். குளத்துக்குள் போகும் எதையும் அவர் இப்படித்தான், சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

டிரம்முக்குக் கீழே மாட்டுக்குத் தீனி வைக்கும் பழைய மரத்தொட்டி. ஆளுயர நீளம். அடியில் பெரிய கல், அதன்மேல் சின்னக் கல், அதன்மேல் இடித்த அடுப்புக் கரி, கடைசியில் ஆற்று மணல். மணலில் கங்கோங்கும் சேம்பும் நட்டோம். டிரம்மின் அடியில் ஒரு துளை, அதிலிருந்து தண்ணீர் நூலாகத் தொட்டியின் ஒரு கோடியில் விழும். மெதுவாக வேருக்குள் நடந்து மறுகோடிக்குப் போய், ஒரு மூங்கில் குழாய் வழியாகக் குளத்தில் சொட்டும்.

சரி, குளத்துத் தண்ணீர் டிரம்முக்கு எப்படி ஏறும்? வாளியில்தான். காலையில் முப்பது வாளி, பள்ளிக்கூடம் விட்டு வந்து முப்பது வாளி. அண்ணி மொண்டு கொடுப்பார், நான் பலகைமேல் ஏறி நின்று ஊற்றுவேன். கை இரண்டும் காய்த்துவிட்டது. மோட்டார் நான்தான் என்று சொன்னேனே, பொய்யில்லை.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கங்கோங் இலைகள் மஞ்சளாகி விழுந்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்து, "கீர வெளைஞ்சா ஒரு கட்டு குடுங்க" என்று கேலி செய்துவிட்டுப் போனார்கள். அம்மா மீனுக்குச் சோறு போட வரும்போது தொட்டிப் பக்கம் திரும்பாமல் சுற்றிக்கொண்டு போவார். அண்ணி சோறு பற்றி மட்டும் ஒரு சேதி சொல்லியனுப்பினார். "பாதி போட்டாப் போதும்னு அத்தைகிட்ட சொல்லு." இதை நான் எப்படிச் சொன்னேன் தெரியுமா? "பள்ளிக்கூடத்துல வாத்தியாரு சொன்னாரும்மா" என்று. அன்றிலிருந்து அம்மா பாதிதான் போட்டார். எனக்குச் சின்ன வயதிலேயே நல்ல புத்தி இருந்திருக்கிறது.

மூன்றாம் வாரம் புது இலை விட்டது. பிறகு பார்க்கப் பார்க்க வளர்ந்தது. வேரெல்லாம் வழவழப்பாக ஒரு பழுப்புப் படலம். நான் அருவருத்துக் கழுவப் போனேன். "தொடாத! அதுதான் வேல செய்யுது" என்று கையைத் தட்டிவிட்டார் அண்ணி. மூங்கில் குழாயிலிருந்து விழும் தண்ணீர் தேநீர் நிறமாகி, பிறகு நிறமே இல்லாமல் போனது. குளத்தில் முதலில் ஒரு சாண் ஆழம் தெரிந்தது. பிறகு ஒரு முழம். ஏழு மீனும் எவ்வளவு பெரிதாகியிருந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொன்றும் என் முன்கை நீளம்.

ஒருநாள் மத்தியானம் வெயில் நேராக விழுந்தபோது அடி தெரிந்தது. அடியில் ஏதோ பளபளத்தது. நான் கத்தினேன். அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கி எடுத்தார். அப்பாவின் புகையிலை டப்பா.

மடியிலிருந்து நழுவி விழுந்து, அடிச்சேற்றில் பாதி புதைந்து கிடந்திருக்கிறது. கால் நனைய உட்கார்ந்த அதே இடத்தில்.

அம்மா அதை வாங்கிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். திறந்தார். உள்ளே புகையிலை கறுப்புச் சேறாகக் கிடந்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் போட்டோ முன்னால் நின்றார். "பாத்தியா? பாத்தியா? நான் எடுக்கலன்னு சொன்னேன்ல. நம்புனியா நீ?" என்று போட்டோவைத் திட்டினார். திட்டிக்கொண்டே அழுதார். இரண்டு வருடமாக அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது என்ன என்று எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்று அழுதோம். அண்ணி அதிகமாக அழுதார்.

துரை வருவதற்கு இரண்டு நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை, அண்ணனும் அண்ணியும் மெர்கோங் போனார்கள். அண்ணியின் தம்பி குழந்தைக்கு ஞானஸ்நானம். மறுநாள் மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவதாகச் சொன்னார்கள்.

துரை பார்வையிட வருகிறார் என்றால் தோட்டத்தில் என்ன நடக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிற்பது எதுவானாலும் சுண்ணாம்பு. லயத்துச் சுவருக்கு, தென்னைமர அடிக்கு, பாலத்துக் கட்டைக்கு, பாதையோரக் கல்லுக்கு. அசையாமல் நின்றால் ஆளுக்கும் அடித்துவிடுவார்கள் என்று அண்ணன் சொல்வார். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாளி சுண்ணாம்பு கரைத்துக் கொடுத்திருந்தார். அம்மாவும் நானும் அன்று சாயங்காலம் வாசல் சுவரை அடித்து முடித்தோம். வாளியில் பாதி மிச்சம் இருந்தது.

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு பிரஷ்ஷோடு குளத்துப் பக்கம் நடந்தார். விளிம்பைச் சுற்றியிருந்த ஆற்றுக்கல் ஒவ்வொன்றுக்கும் அடித்தார். அதோடு நிற்கவில்லை. அண்ணியின் மரத்தொட்டிக்கு வெளியே அடித்தார். உள்விளிம்புக்கு அடித்தார். செடியைச் சுற்றி மணலில் பதித்திருந்த கல்லுக்கும், இலையில் படாமல், ஒவ்வொன்றாகக் குனிந்து அடித்தார்.

"எல்லாத்துக்கும் அடிச்சாச்சு. இத மட்டும் அநாத மாதிரி ஏன் உட்டு வெக்கணும்?"

அடித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "போயி குங்குமம் எடுத்துட்டு வா" என்றார். எங்கள் வீட்டில் அடுப்புக்கு வைப்போம், பால் வெட்டும் கத்திக்கு வைப்போம். நம்முடையது என்று நினைக்கிற சாமானுக்குப் பொட்டு வைப்பது வழக்கம். அப்பா போனபின் அம்மா குங்குமத்தைத் தொடுவதில்லை. "நீ வையி" என்றார். தொட்டியின் பக்கவாட்டில், மழை படாமல் கூரைக்கு உள்ளடங்கிய இடத்தில், நான் மூன்று பொட்டு வைத்தேன். வெள்ளைச் சுண்ணாம்பின்மேல் சிவப்பு பளிச்சென்று இருந்தது. "ஒங்க அண்ணி வந்து பாக்கட்டும்" என்றார் அம்மா. அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

அன்று அந்தியில் மழை கொட்டியது. கெடா மழை உங்களுக்குத் தெரியும், வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றும்.

ஞாயிறு விடிந்ததும் அம்மா கோயிலைச் சுத்தம் செய்ய மற்ற பெண்களோடு போய்விட்டார். நான் வாளியை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன். ஆறு மீன் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. வாளியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அண்ணியும் அண்ணனும் வந்துவிட்டார்கள். அண்ணன் சாமான் வைக்க உள்ளே போக, அண்ணி நேராகக் குளத்துக்கு வந்தார். கையில் வாழையிலையில் சுற்றிய கேக். அதைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து தண்ணீரில் கையை விட்டார். இரண்டு விரலைத் தேய்த்துப் பார்த்தார்.

"சோப்புத் தண்ணி மாதிரி வழவழங்குது." தலை நிமிர்ந்து கல்லைப் பார்த்தார். மழையில் கரைந்தது போகத் திட்டுத் திட்டாக வெள்ளை. "யாரு சுண்ணாம்பு அடிச்சது?"

"அம்மா" என்றேன். "ஒங்களுக்காகத்தான் அண்ணி. பொட்டுகூட வெச்சோம். பாருங்க, அங்க."

அண்ணி பார்த்தார். மூன்று பொட்டையும் பார்த்தார். கிட்டப் போய் ஒரு விரலால் தொட்டும் தொடாமலும் தடவினார். அந்த முகத்தை என்னால் இப்போதும் விவரிக்க முடியவில்லை. ஒருவருக்கு ஒரே நேரத்தில் எல்லாம் கிடைத்து எல்லாம் போனால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

பிறகு சட்டென்று குளத்தில் இறங்கினார். மூலையில் ஏழாவது மீன் சாய்ந்து கிடந்தது. செவுள் இலேசாக அசைந்தது. அதை இரண்டு கையாலும் ஏந்தி, சமையலறை வாசலில் குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்திருந்த பெரிய ஜாடிக்குள் விட்டார். அதன் வாயருகே தண்ணீரைக் கையால் அலசிக்கொண்டே இருந்தார்.

"அம்மாகிட்ட சொல்லாத" என்றார் என்னைப் பார்க்காமலே.

"எத?"

"சுண்ணாம்பாலன்னு. யார்கிட்டயும் சொல்லாத. ஒங்க அண்ணன்கிட்டகூட. மாமா மீனு இது. தன் கையாலதான் போச்சுன்னு தெரிஞ்சா அத்த தாங்க மாட்டாங்க."

"அப்ப ஒங்களத் திட்டுவாங்களே."

"திட்டட்டும்லா. நான் தாங்குவேன்."

அம்மா வந்தார். ஆறு மீனையும் பார்த்தார். அன்று அவர் பேசியதை எழுத எனக்கு மனமில்லை. லோங்காங் செடி என்றார், விஷம் என்றார், வந்த நேரம் என்றார். முதன்முறையாக அண்ணியைப் பார்த்து நேருக்கு நேர் பேசிய வார்த்தைகள் அவைதான். செடிகளைப் பிடுங்கி எறிந்தார். தொட்டியைக் கவிழ்த்தார். அண்ணன் வாயைத் திறக்கப் போனார். அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "என் தப்புதான் அத்தை. ஏதோ தெரியாத செடி கலந்துருச்சு போல" என்றார்.

நான், ரேடியோ, வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை காலையில் டிரெஸ்ஸர் வந்தார். மழையும் சுண்ணாம்பும் சேர்ந்து அழுக்கையெல்லாம் அடியில் உட்கார வைத்திருந்தன. தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. "அடடே! இப்படியில்ல இருக்கணும்! மூட வேண்டியதில்ல" என்று பாராட்டிவிட்டுப் போனார். மீனில்லாத குளத்துக்குக் கிடைத்த பாராட்டு அது. பெரிய துரை கார் கண்ணாடியைக்கூட இறக்காமல் எங்கள் லயத்தைத் தாண்டிப் போனார்.

அடுத்த சில வாரங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் சத்தம் மட்டும்தான். 'ஒங்க அண்ணிகிட்ட சொல்லு' என்பதுகூட நின்றுபோனது. எனக்கு அம்மாவின்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. செய்யாத குற்றத்துக்கு இரண்டு வருடம் வெந்தவர், இன்னொருத்தியை அதே அடுப்பில் வைக்கிறாரே என்று குமுறினேன். சொல்லவும் முடியவில்லை. அண்ணி ஜாடி மீனுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் மாற்றினார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் அம்மா வேலையிலிருந்து வந்தார். பால் வாளியில் பாலுக்குப் பதில் கங்கோங் கட்டு, வேரோடு. சேம்பும் இருந்தது. கால் முழங்கால் வரை சேறு. எந்த லோங்காங்கில் இறங்கினாரோ. வாளியை அண்ணியின் காலடியில் வைத்தார்.

"எம்மா, இத நட்டு வையி. ஜாடிக்குள்ள எத்தன நாளைக்கு அது சுத்திக்கிட்டே கெடக்கும்?"

எம்மா! அண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாவுக்குக் கோபம் ஆறிவிட்டது, மன்னித்துவிட்டார் என்று நான் நினைத்தேன். பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் தோட்டத்தை விட்டோம். சுங்கைப் பட்டாணியில் ஒரு தாமான் குடியிருப்பில் வீடு. அண்ணிக்கு இரண்டு பிள்ளைகள். அம்மாவின் சாமி மாடத்துக்குப் பக்கத்துச் சுவரில் அண்ணியின் மாதா படம். அந்த ஏழாவது மீனும் தகர டின்னில் தண்ணீர் தளும்பத் தளும்ப லாரியில் எங்களோடு வந்தது. வீட்டுக்குப் பின்னால் அண்ணன் சிமெண்டுத் தொட்டி கட்டினார். அண்ணி பக்கத்தில் கங்கோங் தொட்டி வைத்தார். இப்போது வாளி தூக்க மோட்டார் வந்துவிட்டது. எனக்கு வேலை போனது.

ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம் நான் புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்தேன். அண்ணன் பின்சுவருக்கு அடிக்கச் சுண்ணாம்பு கரைத்து, வாளியோடு தொட்டிப் பக்கம் போனார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கத்தி கீழே விழுந்தது.

"டேய்! அதக் கொண்டு தொட்டிக்கிட்டப் போகாத! ஒரு துளி பட்டாப் போதும், மீனு செத்துரும்!"

குழாயடியில் அரிசி கழுவிக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றது. என் கையும்தான். அண்ணன் ஒன்றும் புரியாமல் வாளியை வேறு பக்கம் எடுத்துப்போனார்.

அண்ணி மெதுவாகத் திரும்பினார். "எப்ப தெரிஞ்சுச்சு அத்தை?"

அம்மா வெங்காயத்தைத்தான் பார்த்தார். "ரெண்டு மாசம் கழிச்சு, கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிச்சிட்டு பிரஷ்ஷ லோங்காங்குல அலசுனோம். தவக்களையும் குஞ்சு மீனும் மல்லாந்து வந்துச்சு. மறுநாளே போயி கங்கோங்கப் புடுங்கிட்டு வந்தேன்." மூக்கை உறிஞ்சினார். "நீ சொல்லாம அடக்கிட்ட. நான் மட்டும் என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? என் கையாலதான, அவரு வளத்த ஏழும் போச்சு."

அண்ணி அரிசிச் சட்டியை வைத்துவிட்டு வந்து, நாற்காலியின் காலடியில் உட்கார்ந்தார். ஈரக்கையாலேயே அம்மாவின் கையிலிருந்த வெங்காயத்தை வாங்கினார்.

"ஆறுதான் அத்தை" என்றார். "ஒண்ணு இன்னும் நீந்திக்கிட்டுத்தான் இருக்கு."